குடியாத்தத்துச் சிரசு: உளப்பகுப்பாய்வு காட்டுவதும் காட்ட மறப்பதும்

வைகாசி முதல் நாள் காலையில் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மனின் சிரசு புறப்பட்டுவிடும். வழியெல்லாம் சூறைத் தேங்காய் உடைபடும், மாலைகள் வந்து குவிந்துகொண்டே இருக்கும். சிரசு என்றால் தலை. உடல் இல்லாத, பெரிய கண்கள் கொண்ட முகம் மட்டும் கூட்டத்தின் தோள்களுக்கு மேலே மிதந்து வரும். கவுண்டன்ய ஆற்றங்கரையில், கோபாலபுரத்துக் கோயிலில், தலையில்லாத ஓர் உடல் காத்திருக்கும். சிரசை அதன்மேல் பொருத்தி, கண் திறப்பு நடத்துவார்கள். அதற்குப் பிறகுதான் அம்மன் முழு அம்மன். இரவில் வாணவேடிக்கை. சிரசையும் மறுபடி உடலிலிருந்து எடுத்துக் கொண்டு போய்விடுவார்கள்.

கைலி நெசவுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன இந்த ஊருக்கு அன்று ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நானும் சிறுவயதில் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அப்போது நான் கேட்ட கேள்வி, அங்கே போகிற எந்தக் குழந்தையும் கேட்கக்கூடியது: தலை அம்மனுடையது, சரி, உடம்பு யாருடையது?

ஆயா கதையைச் சொன்னாள். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. கற்பின் வலிமையால் தினமும் ஆற்று மணலிலேயே குடம் பிடித்து, சுடாத அந்தக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாள். ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழுகிறது. இவள் பார்க்கிறாள், ஒரு கணம் மனம் சலிக்கிறது. குடம் கரைந்துபோகிறது. விஷயம் தெரிந்த முனிவர் பிள்ளைகளை அழைத்துத் தாயை வெட்டச் சொல்கிறார். மூத்தவர்கள் மறுக்கிறார்கள், கடைக்குட்டி பரசுராமன் கோடரியை எடுக்கிறான். ரேணுகா சேரிக்குள் ஓடி அங்கிருந்த ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள். வெட்டில் இரண்டு தலையும் விழுகிறது. சொன்னதைச் செய்த மகனுக்கு அப்பா வரம் தருகிறார், மகன் தாயின் உயிரைக் கேட்கிறான். அவசரத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறான். ரேணுகாவின் தலை சேரிப் பெண்ணின் உடலில் சேர்ந்து எழுகிறது. அதுதான் மாரியம்மன், அதுதான் கெங்கையம்மன்.

கதையை முடித்துவிட்டு ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நேராக் கூட பாக்கலடி அவ. தண்ணியிலதான் பாத்தா. அதுக்குப் போயி தலைய எடுத்துட்டானுங்களே."

உளப்பகுப்பாய்வு என்ற வார்த்தையை நான் கேள்விப்பட்டது பல வருடம் கழித்துத்தான். அதைப் படிக்கப் படிக்க இந்தக் கதைக்கே திரும்பத் திரும்ப வந்தேன். ஏனென்றால் அந்தத் துறை எதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டதோ அவ்வளவும் இதில் இருக்கிறது: அப்பாவின் கட்டளை, அம்மாவின் ஆசை, மகனின் கை, வெட்டுப்பட்ட தலை, தண்ணீரில் விழுந்த பிம்பம்.

முதலில் அந்த முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு கனவுகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1899 நவம்பரில் அச்சாகி, 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கிற விருப்பங்கள், பயங்கள் எல்லாம் நனவிலி மனத்தில் கிடக்கின்றன, அவை நேராக வெளியே வர முடியாமல் வேஷம் கட்டிக்கொண்டு வருகின்றன என்பது அவர் வாதம். வேஷத்துக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, பல பேரை ஒரே உருவமாகச் செறித்துவிடுவது. கனவில் வந்தவர் மாமா போலவும் இருந்தார், வாத்தியார் போலவும் இருந்தார் என்று நாம் சொல்வதில்லையா, அதுதான். இன்னொன்று இடமாற்றம். எது உண்மையில் நெஞ்சை உறுத்துகிறதோ அதன் கனத்தை எடுத்துச் சம்பந்தமில்லாத ஒரு சின்ன விஷயத்தின்மேல் வைத்துவிடுவது. ஆகவே ஒரு கனவையோ கதையையோ படிக்கும்போது அது எதை உரக்கச் சொல்கிறது என்பதோடு, எதை ஒரே வரியில் சொல்லிவிட்டு விரைந்து கடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த முறையை இலக்கியத்தில் மோசமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. எழுதியவரை நோயாளியாக்குவது, இல்லையென்றால் கதாபாத்திரத்தைக் கட்டிலில் படுக்கவைத்து விசாரிப்பது. ஃப்ராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஹாம்லெட்டைப் பற்றி 1949இல் ஒரு புத்தகமே எழுதினார். அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க அவன் ஏன் தயங்குகிறான் என்பதற்கு அவனுடைய குழந்தைப் பருவம் வரைக்கும் காரணம் தேடினார். ஹாம்லெட்டுக்கு நாடகம் தொடங்குவதற்கு முன்னால் குழந்தைப் பருவமே கிடையாது. அதேபோல, சிரசு விழாவுக்கு வருகிறவர்களின் பக்தியை ஒரு நோய்க்குறியாகப் படிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. இவ்வளவு பேர் இத்தனை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்த கதையில், சொல்ல முடியாத எது வேஷம் கட்டி வருகிறது என்று கேட்கலாம். அவ்வளவுதான்.

சரி, கேட்டுப் பார்ப்போம். முதல் அடியிலேயே ஃப்ராய்டின் சாவி பூட்டுக்குள் போக மறுக்கிறது. அவருடைய அடிப்படைக் கதை ஈடிபஸ்: தெரியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன். எல்லாப் பிள்ளைகளுக்குள்ளும் இந்த இழுபறி உண்டு என்றார் அவர். ஆனால் நம் கதையில் தந்தை சாகவில்லை. தந்தை சொல்ல, மகன் தாயை வெட்டுகிறான்.

இந்த முரண்பாட்டை மிக அழகாக எடுத்துப் பேசியவர் ஏ. கே. ராமானுஜன். மைசூரில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய கவிஞர். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் என்று நமக்குத் தெரியும். இந்திய ஈடிபஸைத் தேடி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மகன் தந்தையைக் கொல்லும் கதை இங்கே அரிது, தந்தை மகனை ஒடுக்கும் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர் கண்டது. யயாதி மகனுடைய இளமையை வாங்கிக்கொள்கிறான். அப்பாவின் கல்யாணத்துக்காக பீஷ்மர் தன் கல்யாணத்தையே விடுகிறார். சிவன் பிள்ளையாரின் தலையை வெட்டி, பிறகு யானைத் தலையை வைக்கிறார். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதற்கு நூலே தேவையில்லை, தெருக்கூத்து போதும். பாரதக் கூத்தில் அரவான் களப்பலி இரவை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியப்பா, சித்தப்பாக்களின் வெற்றிக்காகத் தன் உடலைத் தானே அறுத்துக் கொடுக்கிற பிள்ளை அவன். பெற்ற அப்பா அர்ஜுனன் எதிரிலேயே இருக்கிறான்.

இதில் நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிரேக்கக் கதையிலும் முதல் குற்றம் தந்தையுடையதுதான். பிறந்த குழந்தையின் காலைத் துளைத்து மலையில் எறியச் சொன்னவன் ஈடிபஸின் அப்பா லாயுஸ். ஃப்ராய்டு அதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1953இல் உளப்பகுப்பாய்வாளர் ஜார்ஜ் டெவரோ அந்தப் பக்கத்தை எடுத்து எழுதினார். ஒரு கோட்பாடும் தனக்கு வசதியில்லாததை மறக்கும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

ஃப்ராய்டிடம் இந்தியாவிலிருந்தே ஒருவர் இந்தப் பொருந்தாமையைச் சொல்லிப் பார்த்தார். கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஐரோப்பாவுக்கு வெளியே இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு சங்கம் எழுந்தது பெரிய விஷயம். தன்னிடம் வரும் இந்திய ஆண்களிடம் ஆணுறுப்பை இழக்கிற பயம் ஐரோப்பியர்களிடம் இருக்கிற அளவுக்குத் தெரியவில்லை, பெண்ணாக வேண்டும் என்கிற ஆசை அவர்களிடம் எளிதாக மேலே வருகிறது என்று 1929இல் போஸ் எழுதினார். தாயின் உருவத்துக்குள்ளேயே தந்தையும் கலந்திருக்கிறார் என்றும் சொன்னார். ஃப்ராய்டு மரியாதையாகப் பதில் எழுதினார், ஆனால் தன் கோட்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. 1931இல் அவருடைய 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போனது. அதை அவர் மேசையில் வைத்துக்கொண்டார். சிலைக்குக் கிடைத்த இடம் போஸின் வாதத்துக்கும் கிடைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஃப்ராய்டோடு நின்றுவிடாமல் அடுத்த தலைமுறைக்குப் போனால் ரேணுகாவுக்கு இன்னும் நெருக்கமாக வருகிறோம். லண்டனில் குழந்தைகளோடு வேலை செய்த மெலனி க்ளெய்ன், கைக்குழந்தை தன் தாயை இரண்டாகப் பிளந்துதான் தாங்கிக்கொள்கிறது என்றார். பால் தரும் நல்ல தாய் ஒருத்தி, பசிக்கும்போது வராத கெட்ட தாய் ஒருத்தி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொள்வது குழந்தைக்குப் பெரிய வேதனை. ரேணுகாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். பிள்ளைகளுக்குத் தாயாக மட்டும் இருந்தவள் ஒரு கணம் ஆசையுள்ள பெண்ணாகிவிட்டாள். அதைத் தாங்க முடியாத குடும்பம் அவளை இரண்டாக வெட்டுகிறது. தூய்மையெல்லாம் தலைக்கு, ஆசையெல்லாம் உடலுக்கு. இந்தியத் தாய்மையைப் பற்றி 1978இல் எழுதிய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கரும், பத்தினி தெய்வத்தைப் பற்றியும் கதிர்காமத்துச் சடைமுடிக்காரர்களைப் பற்றியும் எழுதிய இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகரவும் இந்தப் பிளவை நம் மண்ணில் வைத்துப் பேசியவர்கள்.

நம் மொழி இந்தப் பிளவை மூடி வைக்கவே இல்லை. அம்மை என்றால் தாய். அம்மை என்றால் உடலெல்லாம் கொப்புளமாக வரும் நோய். அம்மை போட்டிருக்கிறது என்று சொல்கிற வீட்டில் வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, அவள் சூட்டைத் தணிக்கப் பார்ப்போம். கொடுப்பவளும் அவள், எடுப்பவளும் அவள். க்ளெய்ன் பல பக்கங்களில் சொன்னதை நாம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம்.

பெண்ணியர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி வைத்தார்கள். பிளவு குழந்தையின் மனத்தில் மட்டுமா இருக்கிறது, ஆண்கள் நடத்தும் சமூகத்தின் ஏற்பாடு இல்லையா? உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி 1932லேயே, ஆண்களுக்குப் பெண்ணின்மேல் இருக்கிற பயத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்றார். பிரான்சில் லூஸ் இரிகரே இன்னும் ஓர் அடி போனார். ஃப்ராய்டு நாகரிகத்தின் தொடக்கத்தில் தந்தைக் கொலையை வைத்தார், அதற்கும் முன்னால் நடந்தது தாய்க் கொலை, அதை யாரும் பேசுவதில்லை என்றார். அவர் காட்டிய உதாரணம் தாயை வெட்டிய கிரேக்க இளவரசன் ஒரெஸ்டெஸ். வேலூரிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்திருந்தால் பரசுராமனைக் காட்டியிருக்கலாம். படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலிலும் வழிபாடு சிரசுக்குத்தான். 1989இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போனது. அங்கே ஓடும் ஆற்றின் பெயரே கமண்டல நாகநதி. முனிவரின் கமண்டலம் ஆற்றின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஆயா சொன்னதுக்கு வருகிறேன். "தண்ணியிலதான் பாத்தா." 1975இல் லாரா மல்வி சினிமாவைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. திரையில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள், கேமராவும் ஆண் கண்ணாகவே நிற்கிறது என்பது அதன் சாரம். ரேணுகாவின் குற்றம் அந்த ஒழுங்கைக் கணநேரம் திருப்பியது. அவள் பார்த்தாள். அதுவும் பிம்பத்தை. லக்கான் என்ற பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர், குழந்தை கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துத்தான் "நான்" என்ற ஒன்றைக் கட்டிக்கொள்கிறது என்று 1930களிலிருந்து சொல்லிவந்தார். குடமும் குனிந்த தலையுமாக இருந்தவள் தண்ணீரில் முதல்முறையாகத் தன் ஆசையைக் காண்கிறாள். உடனே குடம் கரைகிறது. குனிந்த தலை நிமிராத பெண் என்று நாம் இன்றும் பாராட்டாகத்தானே சொல்கிறோம்.

பார்த்ததற்காக வெட்டப்பட்ட தலைக்கு ஊர் என்ன செய்கிறது? கண் திறக்கிறது. விழாவின் உச்சமே அதுதான். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கும். கிரேக்கக் கதையில் வரும் மெடூசாவின் தலையைப் பற்றி ஃப்ராய்டு 1922இல் எழுதிவைத்த சிறு குறிப்பு ஒன்று உண்டு. பாம்புக் கூந்தலும் வெட்டுண்ட கழுத்துமாக இருக்கிற அந்தத் தலை ஆணின் பேரச்சத்தின் உருவம் என்கிறது அது. அவள் கண்ணைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான். குடியாத்தத்திலும் வெட்டுண்ட தலைதான், பெரிய கண்தான். ஆனால் அந்தப் பார்வை தன்மேல் பட வேண்டும் என்று ஜனம் முண்டியடிக்கிறது. குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பயந்து ஒளிந்த கிரேக்கக் கதையிலிருந்து செய்த ஒரு சாவி இங்கே எவ்வளவு தூரம் திரும்பும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய குற்றத்துக்கு ஊர் வருடா வருடம் செய்கிற பரிகாரம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அப்படிப் படித்துவிட்டுத் திருப்தியாகப் புத்தகத்தை மூடியிருந்த காலமும் எனக்கு உண்டு. தாய், தந்தை, மகன், ஆசை, பிளவு, பரிகாரம் எல்லாம் பொருந்தி வந்தன. பிறகுதான் முதல் பாடம் நினைவுக்கு வந்தது. எதை ஒரே வரியில் கடக்கிறோம்?

கதையில் இரண்டு கொலை. முதல் கொலைக்குக் காரணம் உண்டு, விசாரணை உண்டு, வருத்தம் உண்டு, வரம் உண்டு. இரண்டாவது கொலைக்கு எதுவுமே இல்லை. சேரியில் இருந்த அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை, எந்தக் குடத்தையும் உடைக்கவில்லை. ஓடிவந்தவளுக்கு அணைப்பாக நின்றாள். அதற்குத்தான் அவள் தலை போனது. பரசுராமன் தாயின் உயிரைத்தான் கேட்டான், இவள் உயிரை யாரும் கேட்கவில்லை. தலை மாறியதை "ஐயோ, மாறிப்போச்சே" என்று கதை சொல்லுமே தவிர, இவள் செத்ததை ஐயோ என்று சொல்வதில்லை. விழாச் செய்திகளில் இந்த உடலைச் சண்டாளச்சி உடல் என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை வசவாகத்தான் நமக்குத் தெரியும்.

க்ளெய்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு "ஆசையெல்லாம் உடலுக்கு" என்று மேலே நானே எழுதினேன். அந்த உடல் ஒரு தலித் பெண்ணின் உடல். மேல்சாதிக் குடும்பம் தன் தாயிடம் தாங்க முடியாததைக் கழற்றி இன்னொருத்தியின் உடலில் போட்டுவிட்டது என்றால், குடும்பத்துக்குள் நடந்த பிளவு ஊருக்கும் சேரிக்கும் நடுவே போட்ட கோடாக மாறிவிட்டது. குடும்பத்தை மட்டும் பார்க்கிற உளப்பகுப்பாய்வுக்கு இந்தக் கோடு தெரியாது. மனநல மருத்துவரான ஃப்ரான்ஸ் ஃபனான் 1952இல் இதைத்தான் இனவெறியை வைத்துச் சொன்னார்: கறுப்பரின் மனக்காயத்தை அவர் வீட்டுக்குள் மட்டும் தேடாதீர்கள், அதைச் செய்தது சமூகம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜூலியா கிறிஸ்தேவா 1980இல் அருவருப்பைப் பற்றி எழுதினார். நான் தூய்மையானவன் என்று நிலைநாட்டிக்கொள்ள எதையோ அருவருத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, தள்ளியது வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் என்பது அதன் மையம். தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதற்கு அகராதி வேண்டாம். தள்ளிய அதே உடல் இல்லாமல் தெய்வம் எழுந்து நிற்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதை ஐரோப்பாவுக்குப் போனபோது இதே கண்ணிலிருந்து ஒருவர் அதைப் பார்த்தார். 18ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பிரெஞ்சுக்காரர் சொன்னெரா எழுதிய பயண நூல் வழியாக இது ஜெர்மன் மகாகவி கொதேயிடம் சேர்ந்தது. 1824இல் அவர் வெளியிட்ட மூன்று தொடர் கவிதைகளின் தலைப்பே "பறையர்" என்பதுதான். பிராமணத் தலையும் ஒதுக்கப்பட்ட உடலும் சேர்ந்த தேவி, கீழே இருக்கிறவர்களின் வலியை மேலே கொண்டுபோய்ச் சொல்பவளாக அதில் நிற்கிறாள். கொதேயைப் படித்துப் படித்து வளர்ந்தவர் ஃப்ராய்டு. 1930இல் கொதே பெயரால் வழங்கும் பரிசையும் வாங்கினார். நம்மூர்க் கதை அவருடைய அலமாரிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. ஆனாலும் கொதேயின் கவிதையில்கூட அந்த இரண்டாவது பெண் ஒரு குற்றவாளியின் உடலாகத்தான் வருகிறாள். அடைக்கலம் கொடுத்தவள் அங்கே போகும் வழியில் குற்றவாளி ஆகிவிட்டாள்.

பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளியாக்குவது நமக்கும் புதிதில்லை. காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால் அரக்கோணம் தாண்டித் திருவாலங்காடு வரும். பக்கத்தில் பழையனூர். கணவன் கையால் செத்துப் பேயாகத் திரும்பிவந்த நீலியின் கதை அந்த ஊருடையது. கொலையுண்டவள் அழுத அழுகைக்கு மொழியில் என்ன இடம் கிடைத்தது? நீலிக் கண்ணீர் என்றால் பொய்க் கண்ணீர். அமுக்கியது திரும்பிவரும் என்று ஃப்ராய்டு சொன்னார். திரும்பிவந்த பிறகும் அதை நம்பாமல் இருக்க ஒரு பழமொழியைச் செய்துவைத்துக்கொள்ள முடியும் என்று நீலி காட்டுகிறாள்.

வேலூர்ப் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் உடன் தங்குவது நீண்ட கால வழக்கம். வியன்னாவின் கட்டிலில் ஒருவர் தனியாகப் படுத்திருந்தார். இங்கே அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மனத்தைப் புரிந்துகொள்ளச் சுற்றி இருக்கிறவர்களும் வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். கதைகளைப் படிக்கும்போது அந்த அறையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, வீட்டுக்காரர்களோடு தெருக்கோடிக்கு அப்பால் இருக்கிறவர்களையும் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆயா உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவள் சொன்ன கதையில் ரேணுகாவுக்குப் பெயர் உண்டு, முனிவருக்கு உண்டு, மகனுக்கு உண்டு. அவன் கையிலிருந்த கோடரிக்கும் பரசு என்று பெயர் உண்டு. கட்டிப்பிடித்துக்கொண்டு செத்தவளுக்கு ஆயா ஒரு பெயரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது யாராவது இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நடுவில் நிறுத்தி, அவள் பேர் என்ன என்றுதான் கேட்கிறேன்.